ஜெனரலுக்கு நான் எழுதிய கல்வெட்டு

மதியச் சாப்பாட்டு நேரம். வியாழக்கிழமை தவறாமல் வருகிற வயதான ஜெர்மன் தம்பதி, வழக்கமான ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். உணவக முதலாளி கொஸ்தாஸ் புத்தம் புதிய மெனு அட்டையை அவர்களிடம் நீட்டிவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூட மேடையில் ஏற்றிவிட்ட தகப்பன் மாதிரிப் பெருமையோடு தள்ளி நின்றார்.

அந்த ஜெர்மன் அம்மா அட்டையைத் திறந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு எழுந்து வந்து கொஸ்தாஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மைன் பைலைட்" என்றார்.

ஜெர்மன் தெரியாத வாசகர்களுக்குச் சொல்கிறேன். ஆழ்ந்த அனுதாபம் என்று பொருள். செத்தவீட்டில் சொல்வது.

அவருடைய கணவரும் எழுந்து நின்று தலையைக் குனிந்தார். அன்றைக்கு பியர் வேண்டாம், தண்ணீர் போதும் என்றார். கொஸ்தாஸ் மெல்லத் திரும்பி, சமையலறைச் சுவரில் தட்டு வைக்கிற ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பிழை என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிழையை விடும் நிலைக்கு ஆறு மாதமாக என்னை வதைத்தது யார்?

ஒரே ஒரு கையெழுத்து

ஜெர்மனிக்கு வந்த கதையெல்லாம் எழுதுகிறீர்கள், கோப்பை கழுவிய கதையை மட்டும் ஏன் மறைக்கிறீர்கள் என்று ஒரு வாசகர் போன மாதம் கடிதம் போட்டிருந்தார். மறைக்கவில்லை ஐயா. அதைச் சொல்ல வெளிக்கிட்டால் ஒரு கிரேக்க ஜெனரலின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மனிதரால் நான் பட்ட பாடு போதும் என்றுதான் தள்ளிப்போட்டு வந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டோர்ட்மண்டின் வடக்குப் பக்கத்தில் கொஸ்தாஸின் உணவகம் இருந்தது. பன்னிரண்டு மேசை, சுவரில் நீலக் கடல் படம், எந்நேரமும் சுழன்றுகொண்டிருக்கும் இறைச்சிக் கம்பி. என்னை அங்கே சேர்த்துவிட்டவர் சேவியர் அண்ணை. மன்னார்க்காரர். கெல்சென்கிர்ச்சனில் ஒரு பேக்கரியில் வேலை செய்தார். ஊர்ச் சனத்தில் யாருக்கு என்ன அலுவல் என்றாலும் முதலில் போய் நிற்பவர்.

என் மனைவி ரஞ்சியும் மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது மகள் பிறந்திருக்கவில்லை. அதற்குள் தன் பெயரை எழுதப் பழகிவிட்டாள். லொட்ஜில் அடிக்கடி பொலிஸ் சோதனை. பதிவுத் துண்டில் தேதி முடிந்தால் இரண்டு பேரையும் நிலையத்தில் உட்கார வைத்துவிடுவார்கள்.

எனக்கு ஒருவழியாக வதிவிட அனுமதி கிடைத்திருந்தது. குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போட்டேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் மூன்று பத்திரங்கள் கேட்டார்கள். வீட்டு வாடகைப் பத்திரம், மருத்துவக் காப்புறுதி, நிரந்தர வேலை ஒப்பந்தம். முதல் இரண்டும் கையில் இருந்தன. மூன்றாவதற்கு ஒரு பக்கப் படிவம். முதலாளி கீழே ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

அந்தப் படிவத்தைக் கொஸ்தாஸிடம் நீட்டினேன். "மோர்கன்" என்றார். நாளைக்கு என்று அர்த்தம். மறுநாளும் மோர்கன். மறுவாரமும் மோர்கன். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

இரண்டு தடவை அலுவலகத்துக்குப் போன் பண்ணி டெர்மினை, அதாவது அவர்கள் தந்த சந்திப்புத் தேதியை, தள்ளிப்போட்டேன். மூன்றாவது தடவை அங்கிருந்த பெண், இதுதான் கடைசி, இதற்கும் ஒப்பந்தம் இல்லாமல் வந்தால் விண்ணப்பத்தை மூடிவிடுவோம், பிறகு அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். அடியிலிருந்து என்றால் இன்னும் இரண்டு வருடம். அதைக் கொஸ்தாஸிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே, அதற்கு முன்னால் ஜெனரலை எழுதி முடி என்றார்.

மலையிலிருந்து இறங்கியவர்

உணவகத்தில் பியர்க் குழாய்க்கு மேலே ஒரு படம் மாட்டியிருந்தது. பெரிய மீசை, நெஞ்சு நிறையப் பதக்கம், கழுத்தை நெரிக்கும் இறுக்கமான கோட்டு. அவர்தான் ஜெனரல். கொஸ்தாஸின் மூதாதை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிரேக்கர்கள் துருக்கியருக்கு எதிராக எழுந்த காலத்தில் மலையில் நின்று சண்டை பிடித்தவர். அவருடைய வாழ்க்கையை ஜெர்மனில் எழுதி மெனு அட்டையின் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்பது கொஸ்தாஸின் ஆசை. எல்லாக் கிரேக்க உணவகத்திலும் முதல் பக்கத்தில் ஒரு பழங்கதை இருக்கும். பக்கத்துத் தெருக் கடையில் கடல் கடவுள் இருந்தார். நமக்கு ஜெனரல்.

அவர் பேசியதும் நான் பேசியதும் ஜெர்மன் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். இங்கே அவர் சொன்னதை என் தமிழில்தான் திருப்பிச் சொல்ல முடியும்.

கதை ஒழுங்காக வந்தால்தானே எழுதலாம். ஜெனரல் முதலில் ஆடு மேய்த்தவர். பதினாறு வயதில் வரி வாங்க வந்தவனை அடித்துப் போட்டுவிட்டு மலைக்கு ஓடினார். திங்கட்கிழமை சொன்னபோது அடிபட்டவன் ஒருவன். புதன்கிழமை மூன்று பேர். சனிக்கிழமை, கூட்டம் கூடிய நாளில், ஏழு பேர். மரக்கறி கொண்டுவருகிற துருக்கிக்காரர் சமையலறையில் நின்றால், அடிபட்டவன் துருக்கியனே அல்ல, ஒரு கிரேக்கப் பணக்காரன் ஆகிவிடுவான். ஏனென்றால் தக்காளியை அவர்தான் நல்லதாகப் பொறுக்கித் தருவார்.

மலையில் இருந்தவர்கள் கொள்ளைக்காரரா, போராளிகளா என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டும்தான்," என்றார் கொஸ்தாஸ். "பசிக்கேக்கை முதலாவது."

இந்த ஒரு பதிலுக்காக அவரை மன்னிக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது. பிறகு படிவத்தை நினைத்தேன். மன்னிக்கவில்லை.

சண்டை தொடங்கியதும் ஜெனரல் நாற்பது பேருடன் மலையிலிருந்து இறங்கினார். ஒரு கோட்டை முற்றுகையில் இரண்டு விரல்களை இழந்தார். எந்தக் கையில் என்று கேட்டால் ஒருநாள் வலது, ஒருநாள் இடது. படத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் அந்த மனிதர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

பிறகு துருக்கியரை விட்டுவிட்டுக் கிரேக்கர்கள் தங்களுக்குள்ளேயே சுடத் தொடங்கினார்கள். ஜெனரலைச் சொந்த ஆட்களே பிடித்துச் சிறையில் போட்டார்கள். இந்த இடம் வந்தபோது நான் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சேவியர் அண்ணையிடம் இதைச் சொன்னேன். அவர், "உந்தக் கதையை நாங்கள் ஆரிட்டையும் கேட்டுப் படிக்கத் தேவையில்லை தம்பி," என்றார்.

கடைசியில் நாடு கிடைத்தது. ஆனால் ராசாவாக வந்தது ஒரு ஜெர்மன் பையன். பவேரியாவிலிருந்து வந்த பதினேழு வயது இளவரசன். மலையில் நின்றவர்களுக்கு மார்பளவு எடுத்து இறுக்கமான கோட்டுத் தைத்தார்கள். போட மாட்டோம் என்றவர்களை வெறும் கையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். நம்முடைய ஆள் போட்டுக்கொண்டார். ஜெனரல் ஆனார்.

இந்த இடத்தில் கொஸ்தாஸ் கையைத் தட்டிவிட்டு எழும்பிவிடுவார். கோட்டுப் போட்ட நாளுக்கும் செத்த நாளுக்கும் நடுவில் முப்பது வருடம் இருக்கிறதே, அதில் என்ன நடந்தது என்று கேட்பேன். ஜெனரலாக இருந்தார் என்பார். என்ன செய்தார்? ஜெனரல் என்ன செய்வாரோ அதைச் செய்தார். எனக்குத் தலையை அந்த இறைச்சிக் கம்பியில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

கல்வெட்டுக்காரன்

இந்த வேலைக்கு என்னை அவர் பிடித்ததற்குக் காரணம் நானேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊரில் என்ன தொழில் செய்தாய் என்று கேட்டார். செத்தவர்களின் வாழ்க்கையை எழுதுவேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

உண்மைதான். யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் வேலை செய்தேன். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறு புத்தகம் அடித்து, வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் கல்வெட்டு. முன்னால் படம், படத்தைச் சுற்றித் தடித்த கறுப்புக் கரை. இடப்பக்கம் பிறந்த நாள், வலப்பக்கம் இறந்த நாள். உள்ளே அவருடைய வாழ்க்கை வரலாறு. கடைசிப் பக்கத்தில் குடும்பத்தினரின் நன்றி. மூன்று வருடத்தில் இருநூறு பேருக்காவது எழுதியிருப்பேன்.

கல்வெட்டில் கெட்டவர் கிடையாது. எல்லோரும் பண்பாளர், கொடையாளி, அமைதியாக இறைவனடி சேர்ந்தவர். ஒருமுறை ஒரு விதவை வந்தார். நான் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, "அவர் குடிச்சவர் எண்டதையும் போடுங்கோ தம்பி. இல்லாட்டி இது வேறை ஆரோ," என்றார். கல்வெட்டில் அதற்கு இடமில்லை அக்கா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. என்னைவிட விஷயம் தெரிந்தவன் இல்லை என்ற நினைப்பு.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. டோர்ட்மண்டுக்கு வந்த புதிதில் இரண்டு கிழமை ஒரு அச்சகத்தில் கடதாசிக் கட்டுத் தூக்கினேன். அச்சகத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று ரஞ்சிக்கு எழுதினேன். இரண்டு கிழமையில் அந்த வேலை போய்விட்டது. அதை எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் புது மெஷின் வந்திருக்கிறது என்று எழுதினேன். அதற்கடுத்த கடிதத்தில் என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றேன். நாலு வருடம் இப்படியே போயிற்று. தன் தகப்பன் மருமகனின் வேலையைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகப் பேசுகிறார் என்று ரஞ்சி சந்தோஷமாக எழுதுவாள்.

வேலை ஒப்பந்தத்தின் பிரதி கொழும்பில் தூதரகத்தில் ரஞ்சியின் கையில்தான் கொடுக்கப்படும். அதில் என்ன வேலை என்று எழுதியிருக்கும். இதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

பெண்களின் பெயர்கள்

எனக்குத் தெரிந்தது கல்வெட்டு எழுத மட்டும்தான். அதனால் ஜெனரலுக்கும் கல்வெட்டு முறையிலேயே எழுதத் தொடங்கினேன். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் ஆருயிர்க் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும். அதில்தான் முட்டியது. பெயர்கள் வேண்டும். தாய், மனைவி, மகள்மார், மருமக்கள் எல்லோருடைய பெயரும் வேண்டும். ஒரு பெயர் விடுபட்டாலும் அந்த வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்கள்.

ஜெனரலின் மனைவி பெயர் என்ன என்று கேட்டேன். கொஸ்தாஸுக்குத் தெரியவில்லை. உங்கள் பாட்டனாரின் பாட்டியின் பெயர் உங்களுக்கே தெரியாதா என்றேன். அவர் சுத்தியலால் இறைச்சியைத் தட்டிக்கொண்டே, ஜெனரல் என்னுடைய பரம்பரை இல்லை, எலேனியின் பரம்பரை என்றார்.

எலேனி அவருடைய மனைவி. இரண்டு வருடத்துக்கு முன்னால் கோபித்துக்கொண்டு கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. அதுவரை அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் என்னிடம் சொல்லாத மனிதர், அன்றைக்கு ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்டினார். கடைசியாகச் சொன்னதுதான் இடி. உணவகம் எலேனியின் பெயரில் இருக்கிறது. வேலை ஒப்பந்தத்தில் எலேனிதான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆறு மாதம். கையெழுத்துப் போட அதிகாரமே இல்லாத ஒருவரிடம் ஆறு மாதமாகக் கெஞ்சியிருக்கிறேன். கையிலிருந்த சட்டியைத் தூக்கித் தொட்டிக்குள் எறிந்தேன். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் ரயில் ஏறிப் போய் அந்த அம்மாவின் காலில் விழுந்திருப்பேனே என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, புது மெனு வந்ததும் அதைத் தபாலில் அனுப்புவேன், தன் ஆளுடைய கதையைப் பார்த்து அவள் மனம் இளகும், வருவாள், வந்ததும் உன் படிவத்தையும் கொடுக்கலாம் என்று திட்டமிட்டிருந்தேன் என்றார்.

இந்தத் திட்டத்தில்தான் என் குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போதே போன் எடுத்து அவரிடம் ஒப்பந்தத்தைக் கேளுங்கள் என்றேன். ஏலாது என்றார். அப்படியானால் பெயர்களையாவது கேளுங்கள், பெயர் இல்லாமல் நான் ஒரு வரி எழுத மாட்டேன் என்றேன். பிடிவாதத்தில் சொன்னதுதான். ஆனால் அது வேலை செய்தது.

முதல் போன் ஒரு நிமிடம். ஜெனரலின் மனைவி பெயர் கலியோப்பி. இரண்டாவது போன் ஐந்து நிமிடம். மகள்மார் மூன்று பேர். நான் வேண்டுமென்றே மருமக்கள், பேரப்பிள்ளைகள், மனைவியின் சகோதரர்கள் என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போனேன். நாலாவது வாரம் கொஸ்தாஸ் போன் எடுப்பதற்கு முன்னால் சட்டை மாற்றி, தலை சீவிக்கொண்டு வந்தார். இருபது நிமிடம் பேசினார். சிரித்த சத்தம்கூடக் கேட்டது.

ஒப்பந்தத்தைக் கேட்டீர்களா என்றேன். இல்லை, பேச்சு நல்லபடியாகப் போனது, அதைக் குழப்ப விரும்பவில்லை என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. டெர்மினுக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

கறுப்புக் கரை

எழுதி முடித்தேன். மாலை வகுப்பில் எனக்கு ஜெர்மன் படிப்பித்த ஆசிரியை எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தந்தார். எதற்காக என்று கேட்டார். ஒருவருடைய நினைவுக்காக என்றேன். நல்ல மனுஷி, வேறெதுவும் கேட்கவில்லை.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அச்சுக் கடையில் வடிவமைக்கக் கொடுத்தேன். பக்கத்திலேயே நின்றேன். நாலு வருடத்துக்குப் பிறகு அச்சு மையின் மணம். கை தானாக ஓடியது. படத்தை நடுவில் போடு, சுற்றித் தடித்த கறுப்புக் கரை போடு, இடப்பக்கம் பிறப்பு, வலப்பக்கம் இறப்பு (வருடம் கொஸ்தாஸின் வாயில் நாளுக்கொன்றாக வந்ததால் நாளும் மாதமும் மட்டும்), இறப்புக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை. அவர் கிறிஸ்தவர்தானே. கடைசியில் நன்றி: வந்திருந்து எங்களோடு உணவருந்திய அனைவருக்கும் குடும்பத்தினரின் நன்றி, எலேனி, கொஸ்தாஸ். உணவகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் உண்டா என்று நினைத்து நான் மகிழ்ந்தேன்.

கடைப் பையன் ஒருமாதிரிப் பார்த்தான். இப்படித்தான் வேண்டுமா என்றான். இப்படித்தான் என்றேன். நூறு பிரதி. கொஸ்தாஸ் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் வாசித்தது பெயர்களை மட்டும்தான்.

அதன் பிறகுதான் அந்த வியாழக்கிழமை. கறுப்புக் கரையையும் சிலுவையையும் கண்ட பிறகு உள்ளே இருந்த வரலாற்றை யாரும் வாசிக்கவில்லை. படத்திலிருந்த மீசையும் கொஸ்தாஸின் மீசையும் ஒரே அளவு. செத்தது அவருடைய தகப்பன் என்று சிலர் நினைத்தார்கள். தமையன் என்று சிலர். பிறந்தநாள் கொண்டாட வந்த ஒரு கூட்டம் பாட்டுப் பாடாமல் கேக்கை வெட்டிக்கொண்டு போயிற்று. எதிர்வீட்டுக்காரர் வெள்ளைப் பூச் சட்டி ஒன்றை வாசலில் வைத்துவிட்டுப் போனார். கொஸ்தாஸ் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. யார் மேல் யாருக்கு அதிக கோபம் என்று ஒரு போட்டியே நடந்தது.

எலேனி வந்தார்

சனிக்கிழமை மதியம் கதவு திறந்தது. கறுப்பு உடுப்பு, கறுப்புச் சால்வை, வீங்கிய கண்கள். ஐம்பது வயதுப் பெண். தேவாலயத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், உன்னுடைய உணவகத்தில் மரண அறிவித்தல் போட்டிருக்கிறார்கள், மீசைக்காரர், கீழே உன் பெயரும் இருக்கிறது என்று.

கொஸ்தாஸ் கத்தியோடு இறைச்சி சீவிக்கொண்டு நின்றார். எலேனி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கைப்பையால் அவருடைய தோளில் அடித்தார். இரண்டாவது அடி முதுகில். அடித்துக்கொண்டே அழுதார். நான் கத்தியை வாங்கி வைத்துவிட்டுச் சமையலறைக்குள் ஒதுங்கினேன்.

அரை மணி நேரம் கழித்து மெனு அட்டையோடு உள்ளே வந்தார். இதை எழுதினது யார் என்று கேட்டார். நான் என்றேன். ஒரு வெங்காயப் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொல்லத் தொடங்கினார். கொஸ்தாஸ் சொல்லாமல் தாண்டிப்போன முப்பது வருடம் அதற்குள் இருந்தது.

கோட்டுப் போடாமல் வீட்டுக்குத் துரத்தப்பட்டவர்கள் பசி தாங்காமல் திரும்பவும் மலைக்குப் போய்க் கொள்ளையடிக்கத் தொடங்கினார்கள். அவர்களைப் பிடிக்க அரசாங்கம் ஜெனரலை அனுப்பியது. மலையில் அவருக்குத் தெரியாத பாதையா? பிடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவர்களில் ஒருவன் அவருடைய கல்யாணத்தில் தோழனாக நின்றவன். கலியோப்பியின் தலையில் மலர்முடி வைத்தவன். வீட்டுக்கு வந்த ஜெனரலிடம் யாரைப் பிடித்தாய் என்று கலியோப்பி கேட்டாள். யாரோ தெரியாத திருடர்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தோழனின் தலை வெட்டப்பட்ட பிறகு சந்தையில்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. மகள்மாரைக் கூட்டிக்கொண்டு தகப்பன் வீட்டுக்குப் போனாள். ஜெனரல் சாகும்வரை அந்தக் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

"பிடிச்சதை அவள் பொறுத்திருப்பாள்," என்றார் எலேனி. "அது அவன்ரை வேலை. அவள் சமைச்சதைத் திண்டுகொண்டு பொய் சொன்னானே, அதைத்தான் பொறுக்கேலாமல் போச்சு."

அதைச் சொல்லிவிட்டுக் கொஸ்தாஸைப் பார்த்தார். எலேனி ஏன் வீட்டை விட்டுப் போனார் என்பது அவர் வாயால் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. கிரேக்கத்தில், ஊரில் வீடு எழும்புகிறது, சுவர் வந்துவிட்டது, கூரை போட்டாயிற்று என்று கொஸ்தாஸ் மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு கோடையில் எலேனி சொல்லாமல் போய்ப் பார்த்தார். வெறும் காணி. ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் அட்டையில் போடு என்றார் என்னிடம். சாப்பாட்டு அட்டையிலா என்று கொஸ்தாஸ் முனகினார். ஓம், சாப்பாட்டு அட்டையில்தான், கலியோப்பி என்ற பெயரை நூறு வருடத்துக்கு மேலாக இல்லாமல் முதல் தடவையாக யாரோ எழுதியிருக்கிறார்கள், அவள் என்ன செய்தாள் என்பதையும் எழுதட்டும் என்றார் எலேனி. கொஸ்தாஸ் எலேனியின் கறுப்புச் சால்வையை வாங்கி ஆணியில் கொழுவினார்.

அந்தப் பெட்டியில் என்ன எழுதுவது

இதுதான் சமயம் என்று படிவத்தை எடுத்து நீட்டினேன். டெர்மினுக்கு ஆறு நாள் இருந்தது. என் மனைவி, மகள், லொட்ஜ், மோர்கன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். எலேனி கொஸ்தாஸைக் கிரேக்க மொழியில் நாலு வார்த்தை திட்டினார். பிறகு பேனாவை எடுத்துப் பெயர், பிறந்த தேதி, விலாசம் என்று ஒவ்வொரு பெட்டியாக நிரப்பிக்கொண்டு வந்தார். தொழில் என்ற பெட்டியில் பேனா நின்றது. நீ இங்கே என்ன செய்கிறாய் என்றார்.

அப்போது நான் செய்ததை எழுத எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அச்சகத் தொழிலாளி என்று எழுத முடியுமா என்று கேட்டேன். மெனு அடித்தேன்தானே, அதனால் முழுப் பொய்யும் இல்லை என்று விளக்கம் வேறு சொன்னேன். மனைவிக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறேன், இந்தப் பத்திரம் அவள் கைக்குப் போகும் என்றேன்.

கலியோப்பியின் கதையைக் கேட்டு முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எலேனி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அலுப்பு. இந்த உலகத்து ஆண்கள் எல்லோரையும் பார்த்துக் களைத்த பார்வை. பெட்டி கொள்ளாத பெரிய எழுத்தில் சமையலறை உதவியாள், பாத்திரம் கழுவுதல் என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். படிவத்தைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"முதல் அவளுக்குப் போன் எடு," என்றார். "பிறகு தாறன்."

தெரு முனையில் டெலிபோன் பெட்டி இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் எங்களுக்கு இரண்டு மணி நேர ஓய்வு. கொழும்பில் பொழுதுபட்டிருக்கும். லொட்ஜ் மனேஜர் ரஞ்சியைக் கூப்பிட மேலே போனார். அவள் படியிறங்கி வரும் சத்தம் கேட்டது. பின்னால் மகளின் சின்னக் காலடியும்.

ஒப்பந்தம் கிடைத்துவிட்டது என்றேன். அவள் கடவுளே என்றாள். பிறகு மற்றதைச் சொன்னேன். அச்சகம் இல்லை என்றேன். நாலு வருடமாக இல்லை என்றேன். ஒரு கிரேக்கக் கடையில் கோப்பை கழுவுகிறேன், வருகிற பத்திரத்தில் அப்படித்தான் இருக்கும், மாமாவிடம் நீயே ஏதாவது சொல்லிக்கொள் என்றேன். எவ்வளவு வேகமாகச் சொல்லலாமோ அவ்வளவு வேகமாகச் சொன்னேன்.

மறுபக்கம் மகள் ஏதோ கேட்பதும், பொறு பிள்ளை என்று ரஞ்சி அவளை அடக்குவதும் கேட்டது. இனி இவள் கோபிக்கப்போகிறாள், அழப்போகிறாள், தகப்பன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லப்போகிறாள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சாருங்கோ," என்றாள் கடைசியில். "அங்கத்தைக் குளிருக்கை கோப்பை கழுவச் சுடுதண்ணி தருவினமோ?"

ஓம் என்றேன். கையில் மிச்சமிருந்த சில்லறையையும் டெலிபோனுக்குள் போட்டேன்.